தானியங்கிச் சீராய்வுக்கு மூலநிரலைப் பக்குவப்படுத்தல்

அரசாணை ஒன்று பிறப்பிக்கப்பட்டு அதன் பயன் மக்களைச் சென்றடையும் வழி கடந்த ஐம்பது ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது. முன்னர், ஆணையைப் படித்த எழுத்தர் பதிவேட்டில் கணக்கிட்டார், கண்காணிப்பாளர் அதனைச் சரிபார்த்தார், அலுவலர் ஒப்பமிட்டார். தேசியத் தகவலியல் மையம் 1976-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பின்னர் இப்பணி படிப்படியாகக் கணிப்பொறிக்கு மாறியது. இன்று ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை, நில ஆவணம், உணவுப் பங்கீடு, வரி விதிப்பு என எத்துறையை எடுத்துக்கொண்டாலும் விதியை நடைமுறைப்படுத்துவதில் மென்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. விதி அரசாணையில் மனித மொழியில் இருக்கிறது; மென்பொருளின் மூலநிரலில் கணிப்பொறி மொழியில் இருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றையே கூறுகின்றனவா என்பதை உறுதி செய்வது நிருவாகத்தின் கடமையாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் மைய அரசின் பங்கு, 60 முதல் 79 வயது வரை உள்ளோருக்கு மாதம் 200 ரூபாய். 80 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு 500 ரூபாய். இவ்விதியை நிரலாக எழுதும் ஒருவர், ‘வயது 80 அல்லது அதற்கு மேல்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘வயது 80-க்கு மேல்’ என்று எழுதிவிட்டதாகக் கொள்வோம். நிரல் தடையின்றி ஓடும், பட்டியல் அச்சாகும், பணமும் செலுத்தப்படும். ஆனால் 80 வயது நிறைந்த ஒவ்வொருவரும் 81 வயது நிறையும் வரை மாதம் 300 ரூபாய் வீதம், ஆண்டு முழுவதற்கும் 3,600 ரூபாயை இழப்பர். தமக்கு உரியது எவ்வளவு என்பதை அறியாத முதியவர் முறையிடவும் மாட்டார்.

இத்தகைய பிழைகளைக் கண்டறியத் தானியங்கிச் சீராய்வுக் கருவிகள் இன்று பல உள்ளன. அவற்றை வாங்கி நிறுவினாலே போதும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் மேற்கூறிய இரு வரிகளுமே கணிப்பொறி மொழியின் இலக்கணப்படி குற்றமற்றவை. எது சரி என்பது விதியை அறிந்தவருக்கே தெரியும். அவ்விதி மூலநிரலுக்கு அருகில் எழுதி வைக்கப்பட்டிருந்தாலன்றி, எந்தக் கருவியும் அதனை உறுதியாக அறிய இயலாது. ஆகவே, சீராய்வின் பயன் கருவியின் திறனை மட்டும் பொறுத்ததன்று. மூலநிரல் எந்த அளவுக்குப் பக்குவப்படுத்தப்பட்டுள்ளது என்பதையும் பொறுத்தது.

சீராய்வின் வளர்ச்சி

ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் படித்துப் பார்ப்பதே சீராய்வின் அடிப்படை. இதனை ஒழுங்கான நடைமுறையாக வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் ஃபேகன். நிரலை ஒரு குழு கூடி வரிவரியாக ஆராயும் முறையை அவர் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். இம்முறை பயன் மிக்கது. ஆனால் நேரமும் ஆட்களும் மிகுதியாகத் தேவைப்படுவது.

இயந்திரத்தைக் கொண்டே நிரலைச் சரிபார்க்கும் முயற்சியும் ஏறத்தாழ அதே காலத்தில் தோன்றியது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978-இல் ‘லிண்ட்’ என்னும் கருவியை உருவாக்கினார். அது சி மொழியில் எழுதப்பட்ட நிரலை இயக்காமலேயே படித்து, ஐயத்திற்குரிய இடங்களைச் சுட்டிக் காட்டியது. துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துகளைக் குறிக்கும் சொல்லே அதன் பெயராயிற்று.

இன்றுள்ள கருவிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, எழுத்தமைப்பையும் பெயரிடும் முறையையும் பார்க்கிறது. இரண்டாம் வகை, நிரலின் உட்பாதைகளை ஆராய்ந்து, மதிப்பு இடப்படாத மாறி, எல்லை மீறும் நினைவகப் பயன்பாடு போன்ற குறைகளைக் கண்டறிகிறது. இது நிலைப் பகுப்பாய்வு எனப்படும். மூன்றாம் வகை, மென்பொருள் சார்ந்திருக்கும் வெளி நிரலகங்களில் அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகள் உள்ளனவா என்று பார்க்கிறது. நான்காம் வகை அண்மைக் காலத்தது. பெரும் மொழி மாதிரிகளை அடிப்படையாகக் கொண்ட செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரலையும் அதனைச் சுற்றியுள்ள விளக்கங்களையும் சேர்த்துப் படித்து, மனிதச் சீராய்வாளரைப் போலக் கருத்துரை வழங்குகின்றன. முதல் மூன்று வகைகளும் பெரும்பாலும் வகுத்த விதிகளின்படி இயங்குவன. நான்காவது, எழுதப்பட்டவற்றிலிருந்து எழுத்தாளரின் நோக்கத்தை ஊகிக்க முயல்வது. எழுதப்பட்டவை தெளிவாக இருந்தால் ஊகம் சரியாக அமையும். இல்லையேல் தவறான கருத்தையும் அது உறுதியான நடையில் கூறிவிடக்கூடும்.

மூன்று விபத்துகள் தரும் பாடம்

1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியேன்-5 ராக்கெட் தன் முதல் பயணத்திலேயே, புறப்பட்ட ஏறத்தாழ 40 வினாடிகளில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் சிதறியது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 இரும எண்ணிடங்களிலிருந்து 16 இடங்களுக்குள் சுருக்க முற்பட்டபோது, அது அடங்காமல் வழிகாட்டு அமைப்பு செயலிழந்தது. அந்நிரல் முந்தைய ஏரியேன்-4 ராக்கெட்டுக்காக எழுதப்பட்டது. அதன் பயணப் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வாய்ப்பில்லை என்பதால், அம்மாற்றத்திற்குப் பாதுகாப்பு வைக்கப்படவில்லை. அம்முடிவுக்கான காரணம் மூலநிரலில் நேரடியாகக் குறிப்பிடப்படவில்லை என்றும், ஆவணங்களின் பெருக்கத்தில் அது வெளிச் சீராய்வாளரின் பார்வைக்கு மறைந்து போயிற்று என்றும் விசாரணைக் குழு தன் அறிக்கையில் சுட்டிக் காட்டியது.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் இயக்க மென்பொருள்களில் ஒரு குறை வெளிப்பட்டது. பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் பகுதியில் ஒரு வரி தவறுதலாக இருமுறை இடம்பெற்றிருந்தது. இரண்டாவது வரி நிபந்தனை ஏதுமின்றி இயங்கி, கையொப்பச் சரிபார்ப்பைத் தாண்டிச் சென்றது. அதற்குப் பின்னுள்ள நிரல் ஒருபோதும் இயங்காது என்பதை எளிய நிலைப் பகுப்பாய்வே காட்டியிருக்கக்கூடும். அதே ஆண்டு ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெயரால் அறியப்பட்ட குறை, ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் கண்டறியப்பட்டது. வெளியிலிருந்து வந்த ஒரு நீள அளவைச் சரிபாராமல் நம்பியதால், சேவையகத்தின் நினைவகத்திலிருந்த மறைபொருள்கள் வெளியே கசியும் நிலை ஏற்பட்டது. இக்குறை 2012 முதல் வெளியான பதிப்புகளில் இருந்தபோதிலும், அன்றிருந்த பகுப்பாய்வுக் கருவிகள் அதனைக் காட்டித் தரவில்லை.

இம்மூன்றும் மூன்று நிலைகளைக் காட்டுகின்றன. ஆப்பிள் நிகழ்வில், எளிய கருவியே போதுமானது. அதனை ஒழுங்காக இயக்கியிருக்க வேண்டும். ஹார்ட்பிளீடில், கருவிக்கும் எட்டாத குறைகள் உண்டு என்பது தெளிவாகிறது. ஏரியேன் நிகழ்வில், மனிதர் அறிந்திருந்த உண்மை ஒன்று நிரலின் அருகில் எழுதப்படாமையே கேட்டுக்கு வழி வகுத்தது. அரசு மென்பொருளுக்கு மிகவும் பொருந்துவது இம்மூன்றாவது பாடமேயாகும். அலுவலர்கள் மாற்றலாகிச் செல்கின்றனர். ஒப்பந்த நிறுவனங்கள் மாறுகின்றன. நிரல் மட்டும் பல ஆண்டுகள் நிலைத்திருக்கிறது.

முதற் பணி: நிரலை ஓரிடத்தில் சேர்த்தல்

சீராய்வுக்கு முன் செய்ய வேண்டிய முதற் பணி, மூலநிரல் முழுவதையும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் களஞ்சியம் ஒன்றில் வைப்பதாகும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய ‘கிட்’ என்னும் அமைப்பே இன்று இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. யார், எப்பொழுது, எந்த வரியை, என்ன காரணம் கூறி மாற்றினார் என்பதை அது பதிந்து வைக்கிறது. கோப்பில் குறிப்புரை எழுதும் வழக்கத்தை அறிந்த அலுவலர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

சேவையகத்தில் இயங்கும் நிரலும் களஞ்சியத்தில் உள்ள நிரலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அவசரத்தில் சேவையகத்திலேயே நேரடியாகத் திருத்தம் செய்துவிட்டுக் களஞ்சியத்தில் சேர்க்காமல் விடும் வழக்கம் இருப்பின், கருவி சரிபார்ப்பது ஒரு நிரல், மக்களுக்குப் பணம் கணக்கிடுவது மற்றொரு நிரல் என்றாகிவிடும். களஞ்சியத்தைப் புதிய கணிப்பொறி ஒன்றில் இறக்கி, எழுதி வைத்துள்ள வழிமுறையைப் பின்பற்றினால் மென்பொருள் முழுமையாகக் கட்டமைந்து இயங்குகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனையாகும்.

அடுத்து, களையெடுத்தல். பயனற்றுப் போன பழைய நிரல்கள், ‘புதியது’, ‘புதியது-2’ என்ற பெயர்களில் கிடக்கும் நகல்கள் ஆகியவற்றை நீக்கிவிடலாம். பழைய பதிப்பு களஞ்சியத்தின் வரலாற்றில் இருக்கவே செய்யும். வெளியாரின் நிரலகங்களையும், கருவிகளால் தாமாக உருவாக்கப்பட்ட கோப்புகளையும் தனி அடைவுகளில் பிரித்து, அவை எழுத்தமைப்புச் சீராய்வுக்கு உட்பட்டவை அல்ல என்று குறித்தல் வேண்டும். இவ்வாறு செய்யாவிடில், துறைக்குத் தொடர்பற்ற எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கில் குவிந்து உண்மையான குறைகளை மறைத்துவிடும்.

தரவுத்தளக் கடவுச்சொற்களும் அணுகு திறவுகோல்களும் மூலநிரலுக்குள் எழுதப்பட்டிருந்தால் அவற்றை வெளியே எடுத்துப் பாதுகாப்பான அமைவில் வைக்க வேண்டும். இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. கோப்பிலிருந்து கடவுச்சொல்லை நீக்கினாலும் களஞ்சியத்தின் வரலாற்றில் அது தங்கிவிடும். எனவே நீக்குவதோடு நில்லாமல், அக்கடவுச்சொல்லையே மாற்றிவிடுதல் இன்றியமையாதது.

வடிவ ஒழுங்கும் சிறு கூறுகளும்

நிரலர் பலர் பல ஆண்டுகள் எழுதிய நிரலில் வரி அமைப்பு பலவாறாக இருப்பது இயல்பு. வடிவ ஒழுங்குக் கருவியைக் கொண்டு அனைத்தையும் ஒரே முறைக்குக் கொணரலாம். ஆனால் இம்மாற்றம் தனியாக, வேறெந்தத் திருத்தமும் கலவாமல், ஒரே பதிவாகச் செய்யப்பட வேண்டும். ஆயிரம் வரிகளின் இடைவெளி மாற்றத்துக்கு நடுவே ஒரு வரியின் பொருள் மாற்றம் புகுந்துவிட்டால் அதனைக் காண்பது அரிது.

நீண்ட செயற்கூறுகளைச் சிறியனவாகப் பிரித்தலும் தேவை. விண்ணப்பத்தைப் படித்தல், வயதைக் கணக்கிடுதல், தகுதியை முடிவு செய்தல், தொகையைக் கணக்கிடுதல், வங்கிக்கு அனுப்புதல் ஆகிய ஐந்தையும் ஒரே செயற்கூறு செய்யுமானால், மனிதராயினும் கருவியாயினும் தொடர்ந்து படிப்பது கடினம். ஒவ்வொன்றும் தனித்து நின்று, தன் பணியைக் கூறும் பெயரைத் தாங்கி நிற்குமானால், பிழை ஒளிந்துகொள்ளும் இடம் குறைகிறது. நிரலுக்குள் 80 என்ற எண் வெறுமனே வரும்போது அது வயதா, விழுக்காடா, வரிசை எண்ணா என்பது விளங்குவதில்லை. ‘உயர் ஓய்வூதியத் தொடக்க வயது’ என்னும் பொருள்படும் பெயரை அதற்கு இட்டு, ஓரிடத்தில் மட்டும் வரையறுத்து வைத்தால், விதி மாறும்போதும் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

விதிகளை எழுதி வைத்தல்

பக்குவப்படுத்தும் பணியின் உயிர்நாடி இதுவே. நிரல் என்ன செய்கிறது என்பதை நிரலே கூறும். ஏன் அவ்வாறு செய்கிறது என்பதை அது கூறாது. எந்த அரசாணையின் எந்தப் பிரிவை எந்தச் செயற்கூறு நிறைவேற்றுகிறது என்னும் குறிப்பு, களஞ்சியத்திற்குள்ளேயே எளிய கோப்பாக இருத்தல் வேண்டும். அலுவலகப் பேழையில் பூட்டி வைக்கப்பட்ட ஆவணம் சீராய்வுக் கருவிக்கு இல்லாத ஆவணமேயாகும்.

நம் நாட்டிற்கே உரிய வழக்கங்களை எழுதி வைப்பது மிகவும் இன்றியமையாதது. உலகில் கிடைக்கும் நிரல்களில் பெரும்பகுதி பிற நாட்டுச் சூழலில் எழுதப்பட்டது. அவற்றைப் படித்துப் பயின்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அச்சூழலையே இயல்பானதாகக் கொள்ள வாய்ப்புண்டு. பெயரை இயற்பெயர், குடும்பப் பெயர் என்று கட்டாயமாக இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது அத்தகைய எண்ணங்களுள் ஒன்று. நம் நாட்டில் ஒரே பெயரை மட்டும் உடையோர் பலர். தென் மாநிலங்களில் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்வோர் மிகப் பலர். குடும்பப் பெயர் இல்லை என்பதற்காக விண்ணப்பம் தள்ளப்படலாகாது என்னும் விதி தெளிவாக எழுதப்பட வேண்டும். நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்பதும், தேதியில் நாள் முதலிலும் மாதம் அடுத்தும் வரும் என்பதும், தொகை இலட்சம், கோடி என்ற முறையில் பிரித்து எழுதப்படும் என்பதும் அவ்வாறே குறிக்கத்தக்கவை.

பணக் கணக்கிலும் ஒரு விதி வேண்டும். கணிப்பொறி வழக்கமாகப் பயன்படுத்தும் இரும மிதவைப் புள்ளி முறையில் 0.1 என்னும் எண்ணைத் துல்லியமாகக் குறிக்க இயலாது; அதனைப் பத்து முறை கூட்டினால் சரியாக 1 கிடைப்பதில்லை. ஆகவே தொகை அனைத்தும் பைசாவாக முழு எண்ணில் வைக்கப்படும், அல்லது துல்லியமான பதின்ம வகையில் வைக்கப்படும் என்று எழுதிவிட்டால், அவ்விதியை மீறும் எந்தப் புதிய வரியையும் கருவி சுட்டிக் காட்ட இயலும்.

இவற்றை எழுதும் பொறுப்பு நிரலருடையது மட்டுமன்று. பிப்ரவரி 29-ஆம் நாள் பிறந்தவருக்கு, லீப் ஆண்டல்லாத ஆண்டில் வயது நிறைவது பிப்ரவரி 28-ஆம் நாளா, மார்ச் 1-ஆம் நாளா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு விடை கூற வேண்டியவர் திட்டத்தை நடத்தும் துறை அலுவலர். அவர் கூறாவிட்டால் நிரலர் தமக்குத் தோன்றியதை எழுதுவார். அவரது ஊகமே நடைமுறை விதியாகிவிடும்.

சோதனைகள்

எழுதிய விதி பின்பற்றப்படுகிறது என்பதற்குச் சான்று சோதனை நிரல்களாகும். ஓய்வூதிய எடுத்துக்காட்டில் 79, 80, 81 ஆகிய மூன்று வயதுகளுக்கும் எதிர்பார்க்கும் தொகையை எழுதி, நிரல் அதனையே தருகிறதா என்று கணிப்பொறியைக் கொண்டே பார்க்கச் செய்யலாம். 60-ஐச் சுற்றியும் அவ்வாறே 59, 60, 61 ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். எல்லைகளில்தான் பிழைகள் குடிகொள்கின்றன. இம்மூன்று வரிச் சோதனை இருந்திருந்தால், முதலில் கூறிய பிழை நிரல் களஞ்சியத்திற்குள் வரும்பொழுதே பிடிபட்டிருக்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கும் இத்தகைய சோதனைகள் சிறந்த வழிகாட்டி. நோக்கம் என்ன என்பதை ஐயத்திற்கிடமின்றி அவை உரைக்கின்றன.

சோதனைக்கு உண்மையான பயனாளிகளின் விவரங்களைப் பயன்படுத்தலாகாது. வசதி கருதி உண்மைத் தரவுத்தளத்தின் நகலைக் களஞ்சியத்தில் வைப்பது, குடிமக்களின் அந்தரங்கத்தைக் கருவிக்கும் அதனை இயக்கும் வெளியாருக்கும் திறந்துவிடுவதாகும். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்திற்கும் அது மாறானது. கற்பனையான பெயர்களையும் எண்களையும் கொண்ட சோதனைத் தரவு எளிதில் உருவாக்கத் தக்கதே.

பழைய எச்சரிக்கைகளைக் கையாளும் முறை

பல ஆண்டுகள் பழகிய நிரலின்மீது முதன்முறையாகக் கருவியை இயக்கினால் எச்சரிக்கைகள் மலைபோல் குவியும். இவற்றுள் பல பொருட்படுத்தத் தகாதவை. சில மிகவும் கடுமையானவை. அனைத்தையும் ஒரே மூச்சில் திருத்த முற்படுவது அறிவுடைமையன்று. நன்றாக இயங்கும் நிரலை அவசரமாகத் திருத்துவதால் புதிய பிழைகள் தோன்றலாம். அதற்காக அனைத்தையும் புறக்கணிப்பதும் தவறு. பொய் எச்சரிக்கைகளை நாள்தோறும் காணும் ஊழியர், நாளடைவில் உண்மை எச்சரிக்கையையும் படியாமல் கடந்துவிடுவர்.

இதற்கு இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. இன்றுள்ள எச்சரிக்கைகளை அடிப்படைப் பட்டியலாகப் பதிந்துகொள்வது. நாளை முதல் எந்தத் திருத்தமும் அப்பட்டியலை நீட்டலாகாது என்று விதிப்பது. பாதுகாப்பு, பணம், தகுதி முடிவு ஆகியவற்றைத் தொடும் எச்சரிக்கைகளை முதலில் எடுத்துத் தீர்க்கலாம். ஏனையவற்றை, அந்தந்தப் பகுதியில் திருத்தம் நேரும்போது சிறிது சிறிதாகக் குறைக்கலாம். ஏதேனும் ஓர் எச்சரிக்கையைத் தள்ளிவிடுவதாயின், அதற்கான காரணம் அவ்விடத்திலேயே எழுதப்பட வேண்டும். தணிக்கைத் தடைகளுக்கு விளக்கம் அளித்துத் தீர்வு காணும் முறையை அறிந்தோருக்கு இது புதிதன்று.

திருத்தங்கள் சிறியனவாக வருதலும் முக்கியம். ஒரு திருத்தம் ஒரு நோக்கத்தை மட்டும் நிறைவேற்றி, அதன் காரணத்தை இரண்டு மூன்று வரிகளில் கூறுமாயின், கருவியும் மனிதரும் அதனைக் கருத்தூன்றிப் பார்க்க இயலும்.

பாதுகாப்பும் பொறுப்பும்

மென்பொருளின் பெரும்பகுதி வெளி நிரலகங்களால் ஆனது. 2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ என்னும் ஜாவா நிரலகத்தில் கடுமையான குறை வெளிப்பட்டபோது, தம் மென்பொருளில் அது எங்கெங்கு இடம்பெற்றுள்ளது என்பதை அறியவே உலகெங்கும் நிறுவனங்கள் திணறின. ஒவ்வொரு மென்பொருளும் எவ்வெக் கூறுகளால் ஆனது என்னும் பட்டியலை வைத்திருந்தால் இத்திணறல் நேராது. இத்தகைய பட்டியலுக்கான தொழில்நுட்ப வழிகாட்டு நெறிகளை, 2004 முதல் இயங்கிவரும் இந்தியக் கணிப்பொறி அவசரநிலைச் செயற்குழுவான செர்ட்-இன் 2024-இல் வெளியிட்டது.

சீராய்வுக் கருவி எங்கே இயங்குகிறது என்பதும் ஆராயத்தக்கது. மூலநிரல் அரசின் சேவையகத்தை விட்டு வெளியே செல்கிறதா, அங்கே எவ்வளவு காலம் வைக்கப்படுகிறது, பிற பணிகளுக்குப் பயன்படுத்தப்படுகிறதா என்பன ஒப்பந்தத்திலேயே தெளிவாக்கப்பட வேண்டும். மேலும், செயற்கை நுண்ணறிவுக் கருவி தான் படிக்கும் உரையில் மறைந்திருக்கும் கட்டளையைத் தனக்கிட்ட பணியாகவே எண்ணி ஏமாறக்கூடும். ஆகவே கருத்துரை கூறும் உரிமை மட்டுமே அதற்குத் தரப்பட வேண்டும். திருத்தத்தை ஏற்கும் அதிகாரம் பெயர் சுட்டத்தக்க ஓர் அலுவலரிடமே இருத்தல் வேண்டும்.

துறைகள் செய்யத்தக்கவை

மைய அரசு 2015-ஆம் ஆண்டில் திறந்த மூல மென்பொருளை ஏற்பது குறித்தும், அரசு மென்பொருளின் மூலநிரலைத் திறந்து கூட்டாக மேம்படுத்துவது குறித்தும் கொள்கைகளை வெளியிட்டது. ‘ஓபன்ஃபோர்ஜ்’ என்னும் பொதுக் களஞ்சியமும் அமைக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் வெளியிடப்பட்ட ஆரோக்கிய சேது செயலியின் ஆண்டிராய்டு மூலநிரல் அவ்வாண்டு மே 26-ஆம் நாள் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. பிறர் பார்க்கப்போகும் நிரலைப் பக்குவமாக வைத்திருக்க வேண்டும் என்னும் கருத்து ஆகவே நமக்குப் புதிதன்று.

ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே, மூலநிரலோடு சோதனைகளும், விதிக் குறிப்புகளும், கட்டமைக்கும் வழிமுறையும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது துறைகளின் கையில் உள்ளது. இவை இல்லாத நிரலைப் பெறுவது, வரைபடம் இல்லாமல் அணையைப் பெறுவதற்கு ஒப்பாகும்.

ஆட்களும் காலமும் குறைவாக உள்ள அலுவலகங்கள் அனைத்தையும் ஒருங்கே செய்ய இயலாது. அவை, நிரலைக் களஞ்சியத்தில் சேர்த்தல், கடவுச்சொற்களை அகற்றி மாற்றுதல், பணமும் தகுதியும் கணக்கிடும் பகுதிக்கு மட்டும் விதிக் குறிப்பும் எல்லைச் சோதனையும் எழுதுதல் ஆகிய மூன்றை முதலில் மேற்கொள்ளலாம். கருவி வாங்க நிதி இல்லாத அலுவலகத்திற்கும் இம்மூன்றும் பயன் தருவன. புதிதாகப் பணியேற்கும் நிரலரும், வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வரும் அலுவலரும் அவற்றைப் படித்தே பணியைத் தொடர இயலும்.

தானியங்கிச் சீராய்வு, சலிப்பின்றி ஒவ்வொரு வரியையும் பார்க்கும் உதவியாளரை நிருவாகத்திற்கு அளிக்கிறது. ஆனால் 80 வயது நிறைந்தவருக்கு 500 ரூபாய் உரியது என்பதை அவ்வுதவியாளருக்கு எடுத்துரைக்க வேண்டியவர், விதியை அறிந்த மனிதரே. நெடுங்காலமாக ஊழியர் சிலரின் நினைவில் மட்டும் தங்கியிருந்த அறிவை எழுத்தில் வடித்து, பலரும் சரிபார்க்கத்தக்க பொதுச் சொத்தாக ஆக்குவதே இப்பணியின் சாரம். அதனைச் செய்து முடித்த துறையே கருவியின் முழுப் பயனையும் அடையும்.